எண்ணின் குணமும் எண்ணுகிறவன் குணமும்

கணக்கிடுவதற்கும் சிந்திப்பதற்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற மொழி நம்முடையது. 'எண்ணிப் பார்' என்றால் காசை எண்ணிப் பார் என்றும் பொருள். யோசித்துப் பார் என்றும் பொருள். இரண்டும் ஒரே காரியம் என்று நம் முன்னோர் கருதினார்களா, ஒன்றில்லாமல் மற்றது கூடாது என்று எச்சரித்தார்களா என்பதைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வேறு ஒரு கேள்வி. ஒரு பொருளை எடுத்து, இது இன்ன ரகம், இன்ன வகுப்பு, இன்ன தரம் என்று நாம் பிரித்து வைக்கிறோமே, அந்தத் தரம் அந்தப் பொருளிடத்தில் இருக்கிறதா, அல்லது பிரிக்கிற நம்மிடத்தில் இருக்கிறதா?

மனிதர்களை உதாரணமாக வைத்து இந்தக் கேள்வியை ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே கட்சி பிரிந்துவிடும். ஆகையால் எண்களை வைத்துப் பேசுகிறேன். எண்ணுக்கு ஜாதியில்லை, கட்சியில்லை. கோபித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது.

எண்ணுக்குக் குணம் கற்பிப்பது நமக்குப் பழகிப்போன காரியம். நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்கிறார். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. கல்யாண வீட்டு மொய்யில் 100 ரூபாய் என்று எழுத நம் கை கூசுகிறது. 101 என்று எழுதினால்தான் மனம் நிறைகிறது. வெறும் நூறு முடிந்துபோன எண்ணாம். நூற்றொன்று இன்னும் வளரப் போகிற எண்ணாம். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ள நான் தயாராக இல்லை. இனிமையான வழக்கம் அது. லாபம் என்பது எண்ணில் இல்லை, அளக்கிறவர் வாயில் இருக்கிறது என்பது அளக்கிறவருக்கே தெரியும். தெரிந்து செய்வதால் அதில் தீங்கில்லை. தெரியாமல் செய்கிற இடங்கள் உண்டு. அங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது.

இந்த யோசனையை எனக்குள் கிளறிவிட்டது ஆலங்காயம். வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறினால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் வருகிற சிறு பட்டணம். மலையிலிருந்து இறங்குகிற சாமையும் புளியும் பலாப்பழமும் அந்தக் கடைத்தெருவின் வழியாகத்தான் உலகத்துக்குள் நுழைகின்றன. அங்கே ஒரு மூதாட்டி சாமையைப் படியால் அளந்து சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தாள். முதல் படிக்கு அவளும் 'லாபம்' என்றுதான் சொன்னாள். அதே ஊரிலிருந்து மலைமேல் ஏறுகிற சாலையில், காவலூரில், உலகத்திலேயே மிக நுட்பமாக எண்ணுகிற வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் எண்ணுவது வானத்தை.

காவலூர் வானோக்கு நிலையத்தை அமைத்தவர் வைணு பாப்பு. இரு துருவங்களின் பக்கத்து வானத்தையும் பார்ப்பதற்குத் தோதான தென்கோடி இடம். நகரத்து வெளிச்சம் எட்டாத காடு. கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். இவற்றை உத்தேசித்து அவர் இந்த இடத்தைப் பிடித்தார். 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் வேலை தொடங்கிற்று. 1982ல் அவர் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல் திறக்கப்பட்டபோது, நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். ஆனால் என் கதைக்கு வேண்டியது அந்தப் பெரிய கண்ணாடி அல்ல. பக்கத்தில் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி ஒன்று உண்டு. 1988 பிப்ரவரி 17ஆம் தேதி, ஆர். ராஜமோகன் அதைக்கொண்டு வானத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு பாறையைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் எத்தனையோ லட்சம் பாறைகளில் அது ஒன்று. அதற்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அதன் எண் 4130.

இந்த மாதிரிப் பாறைகளை எண்ணுவதில் நம் பக்கத்துக்குப் பழைய உரிமை உண்டு. சென்னை வானோக்கு நிலையத்தில் இருந்த போக்ஸன் என்ற ஆங்கிலேயர் 1861ல் ஒன்றைக் கண்டு அதற்கு ஆசியா என்று பெயரிட்டார்; அதன் எண் 67. 1885ல் அவர் கண்ட வேரா என்பதன் எண் 245. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் ஜவ்வாது மலையிலிருந்து ராமானுஜன் கிளம்பியது.

இந்த 4130 என்பது என்ன? பார்க்கப்போனால் அது வரிசையில் கொடுத்த டோக்கன். 1801ல் பியாஸி கண்ட சீரிஸுக்கு 1 என்று எண். அதன்பிறகு எந்தப் பாறையின் பாதை சந்தேகமற நிச்சயமாகிறதோ அதற்கு அடுத்த எண். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவருக்கு 12, உங்களுக்கு 13 என்பது போலத்தான். இன்றைக்கு அந்த வரிசை ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வானத்தில் சுற்றுகிற பாறைக்குத் தன் எண் தெரியாது. தெரிந்தாலும் அதன் ஓட்டத்தில் ஓர் அங்குலம் கூடவோ குறையவோ போவதில்லை.

ஆனால் அந்த எண் இருக்கிறதே, அதன் கதை வேறு. பாறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காவலூர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 4130 என்ற எண்ணுக்கென்று சில லட்சணங்கள் உண்டு. அவற்றை யாரும் கொடுக்கவில்லை. யாரும் பறிக்கவும் முடியாது. ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து உட்கார்ந்துவிட்டால், வாசகர்கள் நான் சொல்வதையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

4130ஐப் பகா எண்களாக உடைத்தால் 2, 5, 7, 59 என்ற நான்கும் கிடைக்கின்றன. இந்த நான்கைப் பெருக்கினால் மறுபடி 4130. உலகத்தில் எந்த மூலையில் யார் உடைத்தாலும் இதே நான்குதான். இந்த எண்ணை மீதியின்றி வகுக்கிற காரணிகள் 16. எண்ணையே விட்டுவிட்டால் பாக்கி 15: 1, 2, 5, 7, 10, 14, 35, 59, 70, 118, 295, 413, 590, 826, 2065. இவற்றைக் கூட்டினால் 4510 வருகிறது. எண்ணைவிட அதன் பகுதிகளின் கூட்டுத்தொகை பெரிது!

இப்படிப் பகுதிகளைக் கூட்டிப் பார்த்து எண்களைத் தரம் பிரிக்கிற பழக்கம் கிரேக்கர்களுடையது. கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமானால் அது நிறை எண். 6 அப்படிப்பட்டது: 1ம் 2ம் 3ம் சேர்ந்தால் 6. அதற்குப் பின் 28, 496, 8128. கூட்டுத்தொகை மிஞ்சினால் மிகை எண். குறைந்தால் குறை எண். நம் 4130 ஒரு மிகை எண். இதுவரை கணக்கு, இதில் தகராறில்லை. ஆனால் கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த கெரேசா நகரத்து நிக்கோமாக்கஸ் கணக்கோடு நிற்கவில்லை. மிகை எண்கள் வேண்டாத உறுப்புகள் முளைத்த விகாரப் பிராணிகளைப் போன்றவை என்றார். குறை எண்களை ஒற்றைக் கண்ணுடன் பிறந்த ஊனங்களுக்கு ஒப்பிட்டார். நிறை எண்களே ஒழுக்கத்தின் வடிவம். நல்லவை உலகத்தில் கொஞ்சம்தானே, அதனால்தான் அவையும் கொஞ்சம் என்பது அவர் கட்சி.

கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. நிறை எண்கள் அபூர்வம் என்பதும் உண்மை. இன்றைய மின்கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்து தேடியும் இதுவரை அகப்பட்டவை 52தான். ஆனால் இந்த வகுப்புப் பிரிவினையின் மறுபக்கத்தைப் பாருங்கள். எண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறை எண்கள். அந்தக் குறை எண்களிலும் பரம ஏழை யார் தெரியுமா? பகா எண்கள். 59ஐ எடுத்துக்கொண்டால் அதன் பகுதி 1 ஒன்றுதான். நிக்கோமாக்கஸின் நியாயப்படி அதைவிட ஊனமான எண் இருக்க முடியாது. ஆனால் அந்த 59 போன்ற ஏழைகளைக்கொண்டுதான் மற்ற எண்கள் அத்தனையும் கட்டப்பட்டிருக்கின்றன. ஒழுக்கத்தின் வடிவமான 28ஐ உடைத்தாலும் உள்ளே இருப்பவை இரண்டு 2ம் ஒரு 7மே. கூலிக்காரன் இல்லாமல் கோபுரம் இல்லை. 'குறை' என்ற சொல் கணக்கில் ஓர் அளவைக் குறிக்கிறது. கணக்கை விட்டு வெளியே வந்ததும் அதுவே வசையாகிவிடுகிறது. அளவு எண்ணுக்குச் சொந்தம். வசை கிரேக்கருக்குச் சொந்தம்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலும் பெயர் வைக்கிற ஆசை தீரவில்லை. 1970களில் மிகை எண்களுக்குள்ளேயே ஒரு சிறு கூட்டத்தைப் பிரித்து அதற்கு விசித்திர எண்கள் என்று பெயரிட்டார்கள். தன் பகுதிகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கிக் கூட்டி, தன்னையே சரியாகப் பெற முடியாத மிகை எண் விசித்திர எண். 4130ஆல் முடிகிறதா? முடிகிறது. மிஞ்சுவது 380. ஆகவே 295, 70, 10, 5 என்ற நான்கையும் விலக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் சரியாக 4130. அதிலும் ஒரு நயம். 1, 2, 7, 14, 35 சேர்ந்தால் 59. அதோடு ஒரு 59 சேர்ந்தால் 118. அதோடு இன்னொரு 118. பிறகு 413, 590, 826 என்று சேர்த்துக்கொண்டே போனால் 2065. அதோடு கடைசி 2065ஐச் சேர்த்தால் 4130. படிக்கட்டு ஏறுவது போல ஏறி நிற்கிறது.

இதற்குச் சரியாக 100 முன்னால் இருக்கிற 4030 அப்படியல்ல. அதன் பகுதிகளின் தொகை 4034. மிஞ்சுவது வெறும் 4. அந்த நாலை விலக்க வழியில்லை. அதன் சிறிய காரணிகள் 1, 2, 5 என்று போகின்றன. ஒன்றையும் இரண்டையும் சேர்த்தால் மூன்று, அடுத்தது ஐந்து. நான்கு எப்படியும் வராது. ஆகவே 4030 விசித்திரம், 4130 சாதாரணம். 380 மிஞ்சியவன் சரிக்கட்டிவிட்டான். 4 மிஞ்சியவன் மாட்டிக்கொண்டான். விசித்திரம் என்று பெயர் வைத்தவர்கள் அதை வசையாகச் சொல்லவில்லை, வியப்பாகச் சொன்னார்கள். ஒரு சொல்லைச் சொல்கிறவன் மனசைப் பொறுத்துத்தான் அது வாழ்த்தும் வசையும்.

பெயர் மட்டும் நம்முடையதானால் பாதகமில்லை. பெயரைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கிற குணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சில வகுப்புகளில், குணம் என்று நாம் நினைப்பதுகூட எண்ணிடத்தில் இல்லை. நாம் அதை எழுதிய விதத்தில் இருக்கிறது. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நாசிக் பக்கத்தில் தேவளாலியில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்த கப்ரேகர் என்பவரைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பட்டம் பதவி எதுவும் பெரிதாக இல்லாமல், எண்களோடு குழந்தையைப் போல விளையாடிக்கொண்டிருந்த மனிதர். ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்கள் நான்கும் ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒரு தடவையும், சிறிதிலிருந்து பெரிதாக ஒரு தடவையும் அடுக்கிக் கழியுங்கள். வந்த விடையில் மறுபடி அதையே செய்யுங்கள். ஏழு தடவைக்குள் எந்த எண்ணும் 6174ல் வந்து நின்றுவிடும் என்று அவர் 1949ல் சொன்னார். நம் 4130 இரண்டே தாவலில் அங்கே போய்விடுகிறது: 4310இல் 134 போனால் 4176, 7641இல் 1467 போனால் 6174.

இன்னொரு விளையாட்டு உண்டு. எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாக வர்க்கித்துக் கூட்டுங்கள். விடைக்கும் அதையே செய்துகொண்டு போங்கள். கடைசியில் 1ல் வந்து நின்றால் அது மகிழ்ச்சியான எண்ணாம். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மகிழ்ச்சியற்ற எண். 4130க்கு 16ம் 1ம் 9ம் சேர்ந்து 26. அதற்கு 40. பிறகு 16, 37, 58, 89, 145, 42, 20, 4, மறுபடி 16. செக்குமாடு போல அதே வட்டம். ஆகவே பாவம், 4130 மகிழ்ச்சியற்றது.

ஆனால் நாம் பத்துப் பத்தாக ஏன் எண்ணுகிறோம்? கையில் பத்து விரல் இருப்பதால். வேறு காரணம் எதுவும் எண்ணிடத்தில் இல்லை. மின்கணிப்பொறி எண்ணுவது போல இரண்டிரண்டாக எண்ணினால் 4130 என்பதை 1000000100010 என்று எழுதவேண்டும். இதில் மூன்று ஒன்றுகள் இருக்கின்றன. வர்க்கித்துக் கூட்டினால் மூன்று. அதை அதே முறையில் எழுதினால் 11. கூட்டினால் இரண்டு, அதை எழுதினால் 10. கூட்டினால் 1. வந்து நின்றுவிட்டது! அதே 4130 இப்போது மகிழ்ச்சியான எண். இது மட்டுமல்ல, இரண்டிரண்டாக எழுதுகிற முறையில் உலகத்திலுள்ள எல்லா எண்களுமே மகிழ்ச்சியானவை. ஒன்றுகூட விலக்கில்லை.

இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 4130 மிகை எண் என்பது எந்த முறையில் எழுதினாலும் மாறாது. விரல் பத்தானாலும் இரண்டானாலும், அதன் காரணிகள் அவையே. ஆனால் அதன் துக்கம் நம் பத்து விரல்களில் இருந்தது. எண்ணின் குணம் வேறு, எண்ணுகிறவனுடைய விரல்களின் குணம் வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில், ஒரே மையால் எழுதி வைத்துவிடுகிறோம். படிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அந்தப் பாறைக்குப் பெயர் கொடுத்தவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராமானுஜனுக்குக் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். மூன்றாம் வகுப்பு, நான்காம் படி. இதுதான் அவரைப்பற்றி அன்றைய பட்டியல்கள் சொன்னது. அடுத்த வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதினார். 1918ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். மூன்றாம் வகுப்பு நான்காம் படிக்குள் இருந்த மனிதர் இடையில் மாறிவிட்டாரா? இல்லை. எண்ணிய முறைதான் மாறிற்று.

அவர் நோயாய்ப் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த டாக்ஸியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஒன்றுமில்லை என்றும் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் படுக்கையிலிருந்தே பதில் சொன்னார்: 1ம் 12ம் ஒரு ஜோடி, 9ம் 10ம் ஒரு ஜோடி. அதே 1729க்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது அவ்வளவு பிரபலமல்ல. ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரரின் வழியில் ஒரு சோதனை இருக்கிறது. எந்த எண்ணையும் எடுத்து, அதைச் சோதிக்கப்படும் எண்ணின் அளவுக்கு அடுக்கேற்றி, அதிலிருந்து எடுத்த எண்ணைக் கழித்தால், மீதி சோதிக்கப்படும் எண்ணால் சரியாக வகுபடவேண்டும். பகா எண்கள் அத்தனையும் இதில் தேறும். 7, 13, 19 என்று மூன்றாக உடைகிற 1729ம் எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் இதில் தேறிவிடுகிறது. ஆகவே அதைப் போலிப் பகா எண் என்கிறார்கள்.

போலி! யார் போலி? 1729 தன்னைப் பகா எண் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சோதனையில் சல்லடைக் கண் பெரிதாக இருந்தது, அது நுழைந்துவிட்டது. பழியைச் சல்லடையின் மேல் போடாமல் தானியத்தின் மேல் போடுகிறோம். தேர்வில் தேறியதற்காக 1729ஐப் போலி என்றார்கள். தேர்வில் தேறாததற்காக ராமானுஜனைத் தோற்றவர் என்றார்கள். இரண்டு இடத்திலும் குறை, சோதித்த முறையில் இருந்தது.

"அப்படியானால் தரம் பிரிக்கவே கூடாது என்கிறீரா?" என்று வாசகர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தரம் பிரிக்காமல் அறிவு இல்லை. ராமானுஜனே எண்களைத் தரம் பிரித்தவர்தான். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகமான காரணிகளை உடைய எண்களைப் பற்றி 1915ல் அவர் ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 12, 24, 60, 120, 5040 என்று போகிற வரிசை அது. 60 நாழிகை, 24 மணி என்று உலகம் இந்த எண்களை விரும்பி எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம், எத்தனை பேர் வந்து பங்கு கேட்டாலும் சளைக்காமல் பிரித்துக் கொடுப்பதுதான். அந்தக் கட்டுரையில் ராமானுஜன் 67,46,32,83,88,800 என்று நாம் திணறி எழுதவேண்டிய 6746328388800 வரை ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். அந்தக் கடைசி எண்ணுக்கு 10080 காரணிகள். மின்கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் போட்ட கணக்கு!

அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போய்விட்டது. 293318625600 என்பது அது. 5040 காரணிகள் உள்ள எண். வரிசையில் நியாயமாக இடம் பெற வேண்டியது. பிற்பாடு வந்தவர்கள் கண்டு சொன்னார்கள். இதை நான் ராமானுஜனுக்குக் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய அட்டவணையைப் பார்க்கிறபோது, ஒன்றே ஒன்றுதானா விட்டது என்றுதான் வியப்பு வருகிறது. நான் நினைத்துப் பார்ப்பது அந்த விட்டுப்போன எண்ணை. அட்டவணையில் தன் பெயர் இல்லாத அத்தனை வருஷமும் அதன் 5040 காரணிகளில் ஒன்றாவது குறைந்ததா? மகா மேதையின் கையெழுத்தில் இடம் கிடைக்காததால் அதன் லட்சணம் கெட்டதா? எண்ணுக்கு ஒரு சேதமும் இல்லை. எண் பசியெடுக்காதது, பள்ளிக்கூடத்தில் சேரவேண்டாதது. அதனால் பொறுத்திருந்தது.

மனிதன் பொறுத்திருக்க முடியாது. காவலூர் போகிற சாலையோரத்து டீக்கடையில் மலைமேலிருந்து வந்த பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். வேட்டி மடிப்பில் ஒரு கத்தைக் காகிதம் வைத்திருந்தார்.

"என்ன பெரியவரே, இத்தனை காகிதம்?" என்று கேட்டேன்.

"பேத்தி படிக்கப் போவுது சாமி. இன்ன ஜனம்னு எழுதி வாங்கியாரச் சொன்னாங்க. நாலு வாட்டி எறங்கி ஏறிட்டேன்."

"உங்களை அவர்களுக்குத் தெரியாதா?"

"என்னைத் தெரியும் சாமி. காகிதத்தைத்தான் தெரியலையாம்."

ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று அதற்கு அவர்கள் பொருள் சொல்கிறார்கள். பழங்குடிகளின் அரசாங்கப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் எழுதப்பட்டன: வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், தருமபுரி, திருச்சி, புதுக்கோட்டை. இந்த எல்லைகளுக்குள் இருந்தால் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் அதே பெயரோடு, அதே மாதிரி வாழ்ந்தவர்கள், பட்டியலில் தங்கள் மாவட்டம் இல்லாத காரணத்தால் பழங்குடிகளாக மதிக்கப்படவில்லை; பல பத்தாண்டுகளாக முறையிட்டுக்கொண்டு வந்தார்கள். இங்கே ஆலங்காயம் பக்கத்திலேயோ மாவட்டத்தின் பெயரே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. வட ஆற்காடாக இருந்தது வேலூராயிற்று, 2019ல் திருப்பத்தூராயிற்று. மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பட்டியலுக்கு விரோதி என்று நினைத்துவிடக்கூடாது. அந்தப் பெரியவருக்குப் பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய இடத்தை வாய்ச்சாலகமுள்ளவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். எண்களைத் தரம் பிரிக்காமல் கணிதம் இல்லாதது போல, மனிதர்களின் தேவைகளைத் தரம் பிரிக்காமல் நியாயமும் இல்லை. ஆனால் தரம் பிரிக்கிறவனுக்குச் சில கடமைகள் உண்டு. தான் எழுதுகிற குணம் காரணிகளைப் போல உள்ளே இருப்பதா, அல்லது தன் பத்து விரல்களால் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ளவேண்டும். மாவட்ட எல்லை என்பது விரல் கணக்கு. பரீட்சையில் 35 வாங்கினால் தேர்ச்சி, 34 வாங்கினால் தோல்வி என்பதும் விரல் கணக்குத்தான். வேண்டியிருக்கிறது, வைத்துக்கொள்வோம், ஆனால் 34 வாங்கிய பையனைப் பார்த்து, "நீ தோற்றவன்" என்று அது அவன் எலும்பில் எழுதியிருப்பதுபோலச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. "எங்கள் கணக்கில் நீ தேறவில்லை" என்று சொல்லத்தான் அதிகாரம் உண்டு. இரண்டு வாக்கியத்துக்கும் இடையே ஓர் உயிர் தொங்குகிற சந்தர்ப்பங்களை ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவு வருகிற நாட்களில் நாம் பத்திரிகைகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது கடமை, பட்டியலை மூடாமல் வைத்திருப்பது. வானத்துக்காரர்கள் அதில் நமக்கு வழிகாட்டி. 1930ல் கண்டுபிடித்த புளூட்டோவை ஒன்பதாவது கோள் என்று 76 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 2006ல் அது கோள் அல்ல என்று தீர்மானித்து, 134340 என்று எண் கொடுத்துச் சிறு பொருள்களின் வரிசையில் நிறுத்தினார்கள். கோள் என்பதன் இலக்கணத்துக்குக் குறைவுபட்டது என்று தள்ளிவிட்டு அவர்கள் கொடுத்த எண்ணைக் கொஞ்சம் உடைத்துப் பார்த்தேன். 60ஆல் வகுபடுகிறது, ஆகவே அது மிகை எண். கிரேக்கர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! நாம் கற்றுக்கொள்ளவேண்டியது இதுதான்: எழுதியதை அழித்து எழுத அவர்கள் வெட்கப்படவில்லை. எழுதியதைக் காப்பாற்றுவதற்காக வானத்தைத் திருத்தவும் முற்படவில்லை.

நாம் மனிதர்கள் விஷயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். பட்டியலில் இல்லாதவனைப் பார்த்தால் பட்டியலைத் திருத்துவதில்லை. அவன் இல்லவே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். விட்டுப்போன எண்ணைக் கண்டு சொன்ன கணிதக்காரர்கள், "இது பட்டியலில் இல்லையே, ஆகவே இதற்குக் காரணிகள் கிடையாது" என்று வாதாடவில்லை. வகுத்துப் பார்த்தார்கள்; இருந்தது; சேர்த்துக்கொண்டார்கள். எண்ணுக்குக் காட்டிய அந்தச் சாதாரண மரியாதையை மனிதனுக்கும் காட்டலாம். அதற்கு ஞானம் வேண்டியதில்லை. கணக்குப் போடுகிறவனுக்கு இருக்கிற நேர்மை போதும்.

எண்ணுவதற்கும் யோசிப்பதற்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, இரண்டில் எளிதானதை மட்டும் நாம் செய்துவருகிறோம். இனி யாரையாவது இன்ன ரகம் என்று எழுதுவதற்குப் பேனாவை எடுக்கும்போது, ஒரு நிமிஷம் நிறுத்தி நம் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பத்து இருக்கும். அவை நம்முடையவை, எதிரே நிற்கிறவனுடையவை அல்ல.